கிரெய்ன் விஸ்கி: பீப்பாயில் ஊறிய வோட்காவா, தனிச் சரக்கா?

மாலைத்தூறல்

முளைகட்டிய பார்லியை மட்டும் வடித்த சிங்கிள் மால்ட்டைப் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் ஓடியிருக்கின்றன. சிங்கிள் கிரெய்ன் என்று பேச்சை எடுத்தால் மட்டும் யாராவது ஒருவர் வந்து "அது பிளெண்டில் கலக்கிற சரக்கு" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறார், இழை அங்கேயே படுத்துவிடுகிறது. ஸ்காட்லாந்திலிருந்து உலகம் பூராவும் போகிற விஸ்கியில் பெரும்பங்கு பிளெண்டட், அதாவது மால்ட்டும் கிரெய்னும் கலந்தது, அந்த பிளெண்டட் பாட்டிலில் பாதிக்கு மேல் இருப்பது பெரும்பாலும் கிரெய்ன். ஜானி வாக்கரோ பாலன்டைன்ஸோ குடித்த எல்லோரும் கிரெய்ன் குடித்தவர்கள்தான், தனியாகக் குடித்ததில்லை, அவ்வளவே.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சிங்கிள் என்றால் ஒரே டிஸ்டில்லரி, ஒரே தானியம் என்று அர்த்தம் இல்லை. கிரெய்ன் என்றால் முளைகட்டிய பார்லி கொஞ்சம், அதோடு கோதுமையோ மக்காச்சோளமோ சேர்த்து, பெரும்பாலும் காலம் ஸ்டில்லில் (தூண் மாதிரி உயரமான வடிகலத்தில்) வடிப்பது. மற்றபடி மால்ட்டுக்கு உள்ள சட்டம்தான் இதற்கும்: ஓக் பீப்பாய், 700 லிட்டருக்கு மேல் போகாத பீப்பாய், குறைந்தது 3 வருடம், பாட்டிலில் குறைந்தது 40 சதவீதம் ஆல்கஹால்.

என் கட்சி இது. கிரெய்னுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது சின்ன வயசிலேயே பாட்டிலில் அடைத்து விற்கிற சரக்கு. இருபத்தைந்து, முப்பது வருடம் நல்ல பீப்பாயில் கிடந்த கிரெய்னை ஒரு முறை நிதானமாகக் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள். அதே வயது மால்ட்டோடு ஒப்பிட்டால் விலையும் வெகுவாகக் குறைவு. இன்னும் எத்தனை நாள் அப்படி இருக்கும் என்பது வேறு கதை.

பாட்ஸ்டில்_பக்தன்

வந்துவிட்டேன், அந்த ஒரு வரி போடுகிற ஆள் நான்தான். இந்த முறை நாலு வரி போடுகிறேன்.

காலம் ஸ்டில்லில் 94 சதவீதத்துக்குப் பக்கம் வரை ஏற்றி வடிக்கிறார்கள். அந்த உயரத்தில் தானியத்தின் வாசனையில் என்ன மிச்சம் இருக்கும்? கோதுமை போட்டாலும் சோளம் போட்டாலும் ஏறக்குறைய ஒரே தண்ணி. அதைப் போர்பன் (அமெரிக்கச் சோள விஸ்கி) ஊற வைத்த அமெரிக்க ஓக்கில் போட்டு முப்பது வருடம் கழித்து எடுத்தால் வெண்ணிலா வாசனை வருகிறது, உடனே "ஆஹா என்ன சுவை". ஐயா, அது ஓக்கின் சுவை. பீப்பாயைப் பாராட்டுகிறீர்கள், விஸ்கியை இல்லை. மால்ட்டில் பாட் ஸ்டில்லின் (செம்புப் பானை வடிகலத்தின்) வடிவம், கழுத்தின் நீளம், வடிகிற சரக்கை எந்த இடத்தில் வெட்டி எடுக்கிறார்கள் என்பதெல்லாம் கிளாஸில் தெரியும். கிரெய்னில் என்ன தெரியும்?

சோடாப்பிரியன்

பக்தரே, சோறு இல்லாமல் குழம்பை மட்டும் கரண்டியில் குடிக்கிற ஆள் நீங்கள். குழம்பு நன்றாக இருப்பதே சோறு இருப்பதால்தான். நல்ல சீரகச் சம்பா என்றால் வெறும் சோறே மணக்கும், ரேஷன் அரிசியை வைத்து அரிசி எல்லாம் இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறீர்கள்.

சரி, எனக்கு ஒரு சந்தேகம். நம்மூர் விஸ்கியில் கலக்கிற ஈஎன்ஏ (எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால்) என்கிற சாராயமும் காலம் ஸ்டில்லில் வடிப்பதுதானே? அப்படியானால் ஸ்காட்லாந்துக்காரன் செய்தால் கிரெய்ன் விஸ்கி, நாம் செய்தால் மட்டமா?

லேப்கோட்

சோடாப்பிரியன், இரண்டுக்கும் இடையில் மூன்று வித்தியாசம் உண்டு. மூன்றுமே முக்கியமானவை.

ஒன்று, மூலப்பொருள். இந்தியாவில் மலிவு விஸ்கிகளில் போகிற ஈஎன்ஏ பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்து, அதாவது மொலாசஸிலிருந்து வருகிறது (தானியத்தில் செய்வதும் உண்டு). ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று லேபிள் ஒட்டி விற்க முடியாது, விஸ்கி என்றால் தானியம்தான். இரண்டு, பீப்பாய். ஈஎன்ஏ மரத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லை, ஸ்காட்லாந்தில் 3 வருடம் ஆகாமல் அதற்கு விஸ்கி என்ற பெயரே கிடையாது. மூன்று, எவ்வளவு உயரம் வரை வடிக்கலாம் என்பது. ஈஎன்ஏ 96 சதவீதத்தை ஒட்டி நிற்கும், வாசனை எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கமே. ஸ்காட்ச் 94.8 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும், மூலப்பொருளின் மணமும் சுவையும் அதில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

"ஒரு சதவீதம்தானே, அதில் என்ன" என்று பக்தர் கேட்பார், கேட்கட்டும். அந்தக் கடைசி ஓரிரண்டு சதவீதத்தில்தான் பழ வாசனை தருகிற எஸ்டர்களும் கனமான ஆல்கஹால்களும் கிடக்கின்றன. அளவு சொற்பம், ஆனால் மூக்குக்குச் சொற்பமே போதும். அதோடு முப்பது வருடம் ஓக்கில் கிடக்கும்போது புது எஸ்டர்கள் உருவாகிக்கொண்டே இருக்கும், காற்று உள்ளே போய் வரும், ஆவியாகி அளவும் குறையும். பழைய கிரெய்னில் வாழைப்பழமும் அன்னாசியும் மூக்கில் அடிப்பது வெறும் ஓக்கால் அல்ல. வெண்ணிலாவும் தேங்காயும் ஓக், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கோர்ஜிப்பக்கம்

நான் எடின்பரோவில் கோர்ஜி பகுதியில் இருக்கிறேன், டைன்காசில் கால்பந்து மைதானத்தை ஒட்டியே நார்த் பிரிட்டிஷ் டிஸ்டில்லரி. வடிக்கிற நாளில் தெருவே வேகவைத்த தானிய வாசம் அடிக்கும். சுற்றுலா வருகிறவர்கள் கோட்டையையும் மலையையும் பார்த்துவிட்டு மால்ட் டிஸ்டில்லரிகள் நிறைந்த ஸ்பேசைடுக்கு ரயிலேறுகிறார்கள், நகரத்துக்கு நடுவிலேயே இப்படி ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது, உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுகிற இடமும் அல்ல அது.

அதன் கதை நல்ல கதை. 1877-ல் ஸ்காட்லாந்தின் தெற்கே லோலண்ட் பகுதியின் ஆறு கிரெய்ன் டிஸ்டில்லரிகள் சேர்ந்து டிஸ்டில்லர்ஸ் கம்பெனி என்று ஒன்றை அமைத்தார்கள். கிரெய்ன் விலை அவர்கள் கைக்குப் போய்விட்டது. பிளெண்டர்களுக்குக் கிரெய்ன் இல்லாமல் கடையே நடத்த முடியாது. 1885-ல் ஆண்ட்ரூ அஷர், வில்லியம் சாண்டர்சன், ஜான் கிராபி முதலான பிளெண்டர்கள் கூடி, நமக்கு நாமே வடித்துக்கொள்வோம் என்று கட்டியதுதான் நார்த் பிரிட்டிஷ். கர்வன் டிஸ்டில்லரியும் இப்படிப் பிறந்ததுதான். கிரெய்னுக்கு வெளியாளை நம்பியிருக்க விரும்பாத வில்லியம் கிராண்ட் குடும்பம் ஒன்பதே மாதத்தில் கட்டி முடித்து 1963 கிறிஸ்துமஸ் அன்று முதல் சரக்கை எடுத்தது.

பக்தர் கேட்கிற கேள்வி புதிதும் இல்லை. 1905-ல் லண்டன் இஸ்லிங்டனில் இரண்டு மதுக்கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டார்கள், கிரெய்ன் கலந்ததை விஸ்கி என்று விற்கிறார்கள் என்று. மால்ட்காரர்களுக்குக் கொண்டாட்டம். கடைசியில் அரசு ஆணையம் உட்கார்ந்து 1909-ல் அறிக்கை கொடுத்தது: கிரெய்னும் விஸ்கிதான். நூறு வருடத்துக்கு முன்னால் தீர்ந்துபோன வழக்கைத்தான் இங்கே மறுபடி நடத்திக்கொண்டிருக்கிறோம்.

பாட்ஸ்டில்_பக்தன்

ஆணையம் அது விஸ்கியா இல்லையா என்றுதான் சொன்னது, நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லையே.

சரி, லேப்கோட் சொன்ன எஸ்டர் கணக்கை ஏற்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு லாஃப்ராய், மக்கலன் என்ற இரண்டு மால்ட்டைக் கொடுத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும் (குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்). கேமரன்பிரிட்ஜ், இன்வர்கார்டன் என்ற இரண்டு கிரெய்னைக் கொடுத்தால் யாரால் சொல்ல முடியும்?

புதுக்கிளாஸ்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணன்மார்களே. நான் மால்ட்டே இப்போதுதான் பழகுகிறேன். ஒரு இளம் கிரெய்ன் பாட்டில் வாங்கினேன், பெயர் வேண்டாம். திறந்ததும் நெயில் பாலிஷ் வாசனை, வாயில் சர்க்கரைத் தண்ணீர், முழுங்கியதும் ஒன்றும் இல்லை. இதை எப்படி ரசிப்பது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். பாட்டிலில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது.

சோடாப்பிரியன்

அதில் சோடாவும் ஐஸும் நிறைய ஊற்றி, எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு. பிரச்சினை தீர்ந்தது. இளம் கிரெய்ன் அதற்காகவே பிறந்தது.

மாலைத்தூறல்

சோடாப்பிரியன் விளையாட்டாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறார். 2014-ல் டேவிட் பெக்கமை வைத்து வந்த நீலப் பாட்டில் ஹெய்க் கிளப், கேமரன்பிரிட்ஜின் சரக்கு, அதைக் கலந்து குடிக்கச் சொல்லித்தான் விளம்பரமே செய்தார்கள். கிரெய்ன் என்றாலே பலருக்கு அந்த நீலப் பாட்டில் மட்டும்தான் ஞாபகம். அதில் இருப்பது வழுவழுப்பும் இனிப்பும், நுணுக்கம் தேடிப் போகிற இடம் அல்ல.

புதுக்கிளாஸ், பழைய கிரெய்ன் உங்கள் கைக்கு வரும்போது என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

மால்ட் குடிக்கிற வேகத்தில் இதைக் குடிக்கக் கூடாது. மால்ட் கிளாஸில் ஊற்றியதுமே தன்னைக் காட்டிவிடும், புகையோ, பீப்பாயில் முன்பு இருந்த ஷெர்ரி ஒயினோ ஏதாவது ஒன்று முந்திக்கொண்டு வரும். கிரெய்ன் ஊற்றியதும் முதலில் வருவது நீங்கள் சொன்ன அதே நெயில் பாலிஷ், சில சமயம் மரப்பசை. வயதான சரக்கிலும் இது இருக்கும், பயந்து கிளாஸை வைத்துவிடாதீர்கள். வாய் குறுகிய டூலிப் கிளாஸில் ஊற்றி கால் மணி நேரம் சும்மா விடுங்கள். அந்தப் பசை வாசனை மேலெழும்பிப் போன பிறகு அடியிலிருந்து வெண்ணிலா, தேங்காய் பர்பி, பழுத்த நேந்திரம்பழம், நெய்யில் வறுத்த ரவை என்று ஒவ்வொன்றாக வரும். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்க வேண்டாம், விளிம்புக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும், ஆல்கஹால் குத்தாது.

வாயில் வைக்கும்போது சுவையைத் தேடுவதற்கு முன்னால் அதன் கனத்தைக் கவனியுங்கள். கிரெய்னின் பலமே அங்கேதான் என்பது என் எண்ணம். நல்ல பழைய கிரெய்ன் நாக்கில் எண்ணெய் மாதிரி விரியும், கரையாமல் நிற்கும். மால்ட்டில் சுவைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், இதில் ஒன்றிரண்டு சுவைதான், ஆனால் நீளமாக ஓடும். கூட்டம் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டால் இது உங்களுக்கான பானம் இல்லை, அதில் தப்பும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதை. காஸ்க் ஸ்ட்ரெங்த்தில் (தண்ணீர் கலக்காமல், பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே), 55 சதவீதத்துக்கு மேலே அடைத்த இருபது வயதுச் சரக்கு என்றால் சில சொட்டு விடலாம், நன்றாகத் திறந்துகொள்ளும். நாற்பது வயதைத் தாண்டியது என்றால் முதலில் லேபிளைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் ஈரக் குளிரில் வருடா வருடம் ஆல்கஹால் இறங்கிக்கொண்டே போகும், 42, 43-ல் வந்து நிற்கிற சரக்கில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டால் அத்தனையும் கவிழ்ந்துவிடும், மிஞ்சுவது ஓக்கின் கசப்பு மட்டும். அந்த வயதில் ஓக் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. அதனால்தான் ஐம்பது வயது என்று லேபிளில் பார்த்ததும் வாயைப் பிளக்காதீர்கள் என்கிறேன், எனக்கு இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வரைதான் சொர்க்கம்.

பக்தரின் கேள்விக்கு கோர்ஜியோ லேப்கோட்டோ பதில் சொல்லட்டும்.

லேப்கோட்

சொல்கிறேன். வித்தியாசம் உண்டு, மால்ட் அளவுக்கு இல்லை.

1980-கள் வரை பெரும்பாலான கிரெய்ன் டிஸ்டில்லரிகள் மக்காச்சோளம்தான் போட்டன. பிறகு இறக்குமதிச் சோளம் கட்டுப்படியாகாமல் உள்ளூர்க் கோதுமைக்கு மாறினார்கள். நார்த் பிரிட்டிஷ் மட்டும் நெடுங்காலம் சோளத்தையே பிடித்துக்கொண்டது. சோளம் வடித்தால் எண்ணெய்ப் பசை கொஞ்சம் கூடும், கோதுமை லேசாக, சுத்தமாக வரும். அதனால் 1970-களில் வடித்த பாட்டில் ஒன்றையும் 1990-களில் வடித்தது ஒன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். டிஸ்டில்லரியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் இரண்டும் வேறு என்பது தெரியும்.

அப்புறம் ஸ்டில். ஏனியஸ் காஃபி 1830-ல் காப்புரிமை வாங்கிய இரட்டைத் தூண் ஸ்டில், அதாவது ஆல்கஹாலைப் பிரிக்கிற அனலைசர் ஒன்று அதைச் செறிவாக்குகிற ரெக்டிஃபையர் ஒன்று, அந்த அடிப்படை இன்னும் ஓடுகிறது. அவர் அயர்லாந்தில் சுங்கத்தீர்வை அதிகாரியாக இருந்தவர். அயர்லாந்துக்காரர்கள் முகம் சுளித்த இயந்திரத்தை ஸ்காட்லாந்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்க் காசு பார்த்தார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அதே ஸ்டில் இல்லை. கர்வனில் வெற்றிடத்தில் வடிக்கிற காலம் ஸ்டில் உண்டு, அழுத்தம் குறைவு என்பதால் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும், சரக்கு இன்னும் மென்மையாக வரும். செம்பு எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதும் கணக்கு, கந்தக வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்வது செம்புதான்.

பக்தருக்குப் பிடிக்காத உதாரணம் ஒன்றும் இருக்கிறது: லாக் லோமண்ட் டிஸ்டில்லரி. அங்கே 100 சதவீதம் முளைகட்டிய பார்லியைக் காஃபி ஸ்டில்லில் வடிக்கிறார்கள். ஒரு துளி கோதுமை கிடையாது. ஆனால் 2009 ஸ்காட்ச் விஸ்கி விதிப்படி சிங்கிள் மால்ட் என்றால் பாட் ஸ்டில்லில் வடித்திருக்க வேண்டும், ஆகவே இது சிங்கிள் கிரெய்ன். குடித்துப் பாருங்கள், பார்லியின் பிஸ்கட் வாசனை அப்படியே இருக்கும். காலம் ஸ்டில் எல்லாவற்றையும் உரித்துவிடும் என்றால் அது எங்கிருந்து வந்தது?

பாட்ஸ்டில்_பக்தன்

லாக் லோமண்ட் குடித்திருக்கிறேன், பிடித்தது. ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. பார்லி போட்டதால்தான் சுவை. கோதுமை போட்டு அதே மாதிரி ஒன்று காட்டுங்கள்.

கோர்ஜிப்பக்கம்

காட்டலாம், ஆனால் கடை மூடிவிட்டது என்பதுதான் துக்கம். போர்ட் டண்டாஸ் 2010-ல் மூடினார்கள், கேம்பஸ் 1993-ல், டம்பார்ட்டன் 2002-ல், கார்ஸ்பிரிட்ஜ் 1983-ல். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஹேமார்க்கெட் பக்கம் கலிடோனியன் இருந்தது, 1988-ல் போய்விட்டது. அதன் உயரமான புகைபோக்கி மட்டும் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. இவற்றில் மிச்சமிருந்த பீப்பாய்களைத்தான் தனியார் பாட்டில்காரர்கள் வாங்கி ஒவ்வொன்றாக விடுகிறார்கள். டியாஜியோ என்கிற பெரிய மதுக் கம்பெனியே கலிடோனியன் 40 வயதை 2015-லும் கேம்பஸ் 40 வயதை 2016-லும் விட்டது. மூடிய மால்ட் டிஸ்டில்லரி பெயருக்கு ஏலத்தில் அடித்துக்கொள்கிறார்கள், மூடிய கிரெய்ன் டிஸ்டில்லரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நமக்கு நல்லது.

இன்வர்கார்டன் பற்றி ஒரு கொசுறு. வடக்கே ஹைலண்டில் கடலோரம் இருக்கிற ஒரே பெரிய கிரெய்ன் டிஸ்டில்லரி, வைட் அண்ட் மக்காய் கம்பெனிக்குச் சொந்தம். 2007 முதல் 2014 வரை அந்தக் கம்பெனி விஜய் மல்லையாவின் குழுமத்துக் கையில் இருந்தது, பிறகு பிலிப்பைன்ஸின் எம்பெரடார் வாங்கியது. ஆக அந்தக் காலத்து இன்வர்கார்டன் பீப்பாய் ஏதாவது கிடைத்தால் அது பெங்களூர்க் கணக்கில் வடித்தது.

சோடாப்பிரியன்

அப்போதே ஒரு பீப்பாயைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம்.

புதுக்கிளாஸ்

மாலைத்தூறல் அண்ணா, ரொம்ப நன்றி. கால் மணி நேரம் விட்டுவிட்டு என் பாட்டிலையே முகர்ந்து பார்த்தேன், நெயில் பாலிஷ் போய்விட்டது, லேசாக வாழைப்பழம் வந்தது. குடிக்கும்போது இன்னும் சர்க்கரைத் தண்ணீர்தான். அடுத்து என்ன வாங்கலாம்? நாற்பது வயதெல்லாம் என் சம்பளத்தில் இல்லை.

மாலைத்தூறல்

வாங்கவே வேண்டாம், முதலில் சாம்பிள். ஐரோப்பாவில் பல கடைகள் 3 செண்டிலிட்டர், 5 செண்டிலிட்டர் குப்பியில் ஊற்றித் தருகின்றன, அதில் இன்வர்கார்டனும் நார்த் பிரிட்டிஷும் இருபது வயதுக்கு மேல் கிடைத்தால் ஒரே மாலையில் அருகருகே வைத்துக் குடியுங்கள். ஒன்று போர்பன் பீப்பாய், இன்னொன்று ஷெர்ரி பீப்பாய் என்று எடுக்காதீர்கள், அப்புறம் பீப்பாயைத்தான் ஒப்பிடுவீர்கள், பக்தர் ஜெயித்துவிடுவார். இரண்டும் போர்பனாக இருக்கட்டும்.

முழுப் பாட்டில்தான் வேண்டும் என்றால் காம்பஸ் பாக்ஸ் என்கிற பிளெண்டர் கம்பெனியின் ஹெடனிசம். அது சிங்கிள் கிரெய்ன் இல்லை, பல டிஸ்டில்லரிகளின் கிரெய்னைக் கலந்தது, 2000-ல் வந்தது. கிரெய்னைத் தனியாக ரசிக்கலாம் என்று என்னைப்போல் பலருக்குக் காட்டிய பாட்டில் அதுதான். தேங்காயும் கிரீமும் நேராக வந்துவிடும், காத்திருக்கவே வேண்டாம். மலிவாக வேண்டும் என்றால் கேமரன் பிரிக் பாருங்கள், கேமரன்பிரிட்ஜின் சரக்கேதான், விலையைப் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது.

ஜப்பானின் நிக்கா காஃபி கிரெய்னும் நல்ல வாசல். ஸ்காட்லாந்திலிருந்து 1960-களில் கொண்டுபோன காஃபி ஸ்டில், பெரும்பாலும் சோளம், இனிப்பு தூக்கலாக இருக்கும்.

பாட்ஸ்டில்_பக்தன்

கோர்ஜி, கேம்பஸ் சாம்பிள் உங்களிடம் இருந்தால் ஒன்று ஒதுக்கி வையுங்கள். ஆகஸ்டில் எடின்பரோ வருகிறேன். லேபிள் ஒட்டாமல் கொடுங்கள், கூடவே அதே வயது லோலண்ட் மால்ட் ஒன்றும் லேபிள் இல்லாமல். எது எது என்று சொல்லிவிட்டால் நீங்கள் எல்லோரும் வாயை மூட வேண்டும்.

கோர்ஜிப்பக்கம்

கேம்பஸ் 1991 போர்பன் பீப்பாய், கொஞ்சம் இருக்கிறது. எது எது என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கிரெய்னும் மால்ட்டும் ஒன்று என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. எது பிடித்தது என்பதையும் லேபிளைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அந்தத் தாளைத்தான் இங்கே படம் எடுத்துப் போடுவேன்.

பாட்ஸ்டில்_பக்தன்

சம்மதம். தண்ணீர் என் இஷ்டம்.

மாலைத்தூறல்

எத்தனை சதவீதம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.